எண்ணூற்று முப்பத்தெட்டாவது மணி

ரிம்மாவுக்கு ஆயுனாமேல் பொறாமை என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவர் முகத்துக்கு நேரே சிரித்திருப்பாள். இருபத்தாறு வருஷ சிநேகிதம். நோவசிபிர்ஸ்க் பல்கலைக்கழக விடுதியில் இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே கெட்டில், இருவருக்கும் சேர்த்து ஒரு ஜோடி நல்ல பூட்ஸ். யாருக்கு அன்று வெளியே முக்கியமான வேலையோ அவள் அதைப் போட்டுக்கொண்டு போவாள், மற்றவள் அறையிலேயே இருந்து படிப்பாள். அந்தக் கணக்கில் ரிம்மாதான் அதிகம் படித்தாள். ஆயுனாவுக்கு எப்போதும் வெளியே முக்கியமான வேலை இருந்தது.

பிறகு ஆயுனா ஊலான் உதேக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள், பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தாள், விவாகரத்து வாங்கினாள். எல்லாம் முடித்து நாற்பத்திரண்டு வயதில் திரும்பி வந்து வேலை கேட்டபோது, ஆய்வுக்கூடத் தலைவர் கெர்மான் சவேலியெவிச்சிடம் போய் நின்று சிபாரிசு செய்தது ரிம்மாதான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இதுதான் என்று இப்போது தினமும் நினைத்துக்கொள்கிறாள்.

அவர்கள் வேலை செய்த பொருள் பார்ப்பதற்குச் சமையல் உப்பு மாதிரிதான் இருக்கும். சீசியம் பாஸ்பேட் உப்பு. உப்புக்கு உப்பு, அமிலத்துக்கு அமிலம். அதை அழுத்தி சட்டைப் பொத்தான் அளவுக்கு வில்லையாக்கி, உலையில் வைத்து இருநூற்று முப்பது டிகிரி தாண்டவிட்டால் அதன் குணமே மாறிவிடும். அதுவரை அசையாமல் கிடந்த புரோட்டான்கள் திறந்துவிட்ட மாடுகள் மாதிரி உள்ளே ஓடத் தொடங்கும். ஹைட்ரஜனைக் கொடுத்து மின்சாரம் வாங்கும் எரிபொருள் கலத்துக்கு நடுச்சுவராக இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. ஆனால் அதே சூட்டில் அது தன் உடம்பிலிருக்கும் தண்ணீரை விட்டுவிடும். விட்டதா, போச்சு. உப்பி, வெடித்து, ஒன்றுக்கும் உதவாத வெள்ளைத் தூளாகிவிடும். போதாததற்கு அந்தச் சூட்டில் மெழுகு மாதிரி இளகவும் செய்யும்.

இந்த உப்பை நிலையாக நிற்கவைப்பதில்தான் ரிம்மாவின் இருபத்திரண்டு வருஷம் போயிருந்தது. நுண்ணிய சிலிக்காத் தூளைக் கலந்து இளகாமல் பிடித்துவைத்தாள். உலைக்குள் போகும் வாயுவை வெந்நீர்க் குடுவை வழியாக விட்டு, ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டாள். அந்த வருஷம் பிப்ரவரியில் அவளுடைய வில்லை எண்ணூறு மணி நேரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆயிரத்தைத் தொட்டுவிட்டால் உலகத்தில் இரண்டு மூன்று பேருக்குத்தான் அந்தப் பெருமை உண்டு.

ஆயுனா வந்து இரண்டே வருஷம். போரான் பாஸ்பேட்டைக் கொஞ்சம் சேர்த்து, ரிம்மாவுக்குப் புரியாத ஏதோ ஒரு பதத்தில் அரைத்து, ஒரு வில்லை செய்தாள். அதை வறண்ட வாயுவிலேயே ஓடவிட்டாள். வெந்நீர்க் குடுவை கிடையாது, ஒன்றும் கிடையாது. நானூறு மணி நேரமாகத் திரையில் அது கடத்தும் மின்சாரத்தைக் காட்டும் கோடு மேசை விளிம்பு மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"உங்க வில்லை தங்கமான வில்லைதான், ரிம்மா அர்க்காத்யெவ்னா. நான் இல்லேங்கல," என்றார் கெர்மான் சவேலியெவிச், திங்கட்கிழமை இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து. "ஆனா அது எங்க போனாலும் பின்னாடியே ஒரு வெந்நீர்க் குடுவையும் போகணும். ஆயுனாவோடது கையை வீசிக்கிட்டு நடக்குது. வில்லைகளை அடுக்கி ஒரே ஒரு அடுக்குக் கலம்தான் கட்டப்போறோம். ரெண்டுல ஒண்ணுதான் உள்ளே போகும். வெள்ளிக்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணிடுவோம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு ஆயிரம் ஆகாதே," என்றாள் ரிம்மா.

"ஆகாதுதான். என்ன பண்றது?"

வெளியே நடைக்கூடத்தில் ஆயுனா அவள் கையைப் பிடித்தாள். "ஏய் ரிம்கா, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கே? யாரோடது போனா என்னடி, நம்ம ரெண்டு பேர் உப்புதானே."

"ஆமா, ஆமா," என்றாள் ரிம்மா. நம்ம உப்பாம். ஜெயிக்கிறவளுக்குத்தான் 'நம்ம' என்ற சொல் அவ்வளவு சுலபமாக வாயில் வரும்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. மைனஸ் முப்பது டிகிரிக் குளிரில், பைன் மரங்களுக்கு நடுவே, ஒரு மனுஷிக்கு வயிறு எரிவதைப் பற்றி எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதவில்லை. ஆயுனாவின் நேர்க்கோட்டை நினைத்தால் எரிந்தது. ஆயுனா விசில் அடித்துக்கொண்டே உப்பு அரைப்பதை நினைத்தால் எரிந்தது. தான் பதினெட்டு முறை தோற்றுச் செய்ததை அவள் மூன்றாவது முறையிலேயே செய்ததை நினைத்தபோது, நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில்தான் அவள் அந்தச் சொட்டுகளைப் பார்த்தாள்.

அந்த ஊர் ஆய்வுக்கூடங்களில் குளிர்காலத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. உலையிலிருந்து வெளியேறும் ஈர வாயுவைச் சும்மா ஜன்னல் வழியாக விட்டால், குழாயின் வாயில் பனிக்கட்டி பிடித்து அரை நாளில் அடைத்துக்கொள்ளும். அதனால் நவம்பர் வந்ததும் எல்லா உலைகளின் வெளிக்குழாய்களையும் ஒன்றாக இணைத்து, அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டி, ஒரே தடித்த குழாயாக வெளியே விடுவார்கள். ஏப்ரலில் பிரித்துவிடுவார்கள். யாரும் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை. ரிம்மாவின் குழாயும் ஆயுனாவின் குழாயும் ஜன்னலுக்குக் கீழே இணைந்தன.

இணைப்புக்கு இந்தப் பக்கம், அதாவது வறண்ட வாயு மட்டுமே வரவேண்டிய ஆயுனாவின் ரப்பர் குழாய்க்குள், வரிசையாகத் தண்ணீர்ச் சொட்டுகள் நின்றுகொண்டிருந்தன.

ரிம்மா குனிந்து பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். வறண்ட வாயுவுக்கு ஏது சொட்டு? தன் உலையிலிருந்து போகும் நீராவிதான் இணைப்பில் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் ஏறி, ஆயுனாவின் கலத்துக்குள் போகிறது. ஆயுனாவின் அதிசய வில்லை வறட்சியில் ஒன்றும் வாழவில்லை. அது ரிம்மாவின் தண்ணீரைக் குடித்து வாழ்கிறது!

மனசுக்குள் பட்டாசு வெடித்தது. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அந்தக் குளிர்காலம் முழுவதும் வந்ததில்லை.

இருபத்தாறு வருஷ சிநேகிதி என்ன செய்திருக்க வேண்டும்? "ஆயுனா, இங்க வந்து இதைப் பாரு" என்று கூப்பிட்டிருக்க வேண்டும். ரிம்மாவும் வாயைத் திறந்தாள். அறையின் அந்தப் பக்கம் ஆயுனா விசில் அடித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டாள். கூப்பிட்டுச் சொன்னால் என்ன ஆகும்? ஆயுனா நெற்றியில் அடித்துக்கொள்வாள், சிரிப்பாள், குழாயைப் பிரிப்பாள், கூட்டத்தில் எழுந்து தன் தவறைத் தானே சொல்வாள், எல்லோரும் என்ன நேர்மை, என்ன நேர்மை என்று கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தாலே ரிம்மாவுக்கு ஆகவில்லை. அவளுக்கு வேண்டியது வேறு. அந்த நேர்க்கோடு எல்லோர் கண் முன்னாலும் விழ வேண்டும்.

குழாயைப் பிரிப்பதானாலும் தன் உலையை நிறுத்தித்தான் ஆக வேண்டும், அது எல்லோருக்கும் தெரிந்துவிடும்; அதனால் வழி ஒன்றுதான். தன்னுடைய வெந்நீர்க் குடுவையை அடைக்க வேண்டும். அடைத்தால் ஆயுனாவின் வில்லை செத்துவிடும். ஆனால் தன் வில்லையும் சாகும். முதலில் உலையைக் குளிரவிட்டு வில்லையை மட்டுமாவது காப்பாற்றலாம் என்றால், குணம் மாறும் அந்த இருநூற்று முப்பது டிகிரியை மறுபடி கடக்கும்போது விரிசல் விழும். எப்படிப் பார்த்தாலும் ஓட்டம் அறுந்ததுதான், ஆயிரம் மணி வெறும் கனவுதான்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் யோசித்தாள். வெள்ளிக்கிழமை எப்படியும் தோற்கப்போகிற வில்லைதானே, ஆயிரம் ஓடி யாருக்கு என்ன என்று தனக்குத்தானே வாதாடினாள். அது பொய் என்று அவளுக்கே தெரியும். தன் வில்லை தோற்பதைக்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். ஆயுனாவின் வில்லை ஜெயிப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை ஆயுனா இரண்டு பெரிய பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய புர்யாத் ஜனங்களுக்கு அன்று வெள்ளை மாதப் புத்தாண்டு. மாடி முழுவதற்கும் பூஸி அவித்துக்கொண்டு வந்திருந்தாள், உள்ளே கறியும் சாறும் வைத்த கொழுக்கட்டை. பன்னிரண்டரைக்கெல்லாம் கூட்ட அறையில் மணம் தூக்கியது.

"முதல்ல ஓரத்துல சின்னதாக் கடிங்க, சாறை உறிஞ்சுங்க, அப்புறம் முழுசா," என்று ஆயுனா ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். "கெர்மான் சவேலியெவிச், முள்கரண்டியைக் கீழே வைங்க! குத்தினா சாறு போச்சு. கையால எடுங்க, இது சோவியத் காலத்து விருந்து மண்டபம் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். கெர்மான் சவேலியெவிச் தாடியில் சாறு வழிய, "ஆயுனா, உப்பும் உனக்குப் படியுது, மாவும் படியுது, உன் கையில என்னதான் இருக்கு?" என்றார்.

ரிம்மா இரண்டாவது பூஸியைத் தட்டில் அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தாள். யாரும் கவனிக்கவில்லை.

உலை அறையில் ஆள் இல்லை. குடுவை மெதுவாகக் குமிழிவிட்டுக்கொண்டிருந்தது. திரையில் அவளுடைய கோடு, பக்கத்தில் ஆயுனாவின் கோடு. அவள் வாயுவைக் குடுவை வழியாகப் போகாமல் நேராகத் திருப்பிவிட்டு, குடுவையின் அடைப்பானை இறுக்கினாள். குமிழி நின்றது. இதையும் இவ்வளவு சுத்தமாகச் செய்தோமே என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

பிறகு செய்த காரியத்தை அவள் யோசித்துச் செய்யவில்லை. உலைக்குப் பக்கத்தில் ஏடு தொங்கிக்கொண்டிருக்கும். நூலால் தைத்து, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்ட ஏடு. எந்த அடைப்பானை யார் தொட்டாலும் எழுத வேண்டும்: எத்தனை மணி, என்ன செய்தது, எதற்காக, கையெழுத்து. மாணவியாக முதல் நாள் இந்த அறைக்குள் வந்தபோது சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. பேனா கயிற்றில் கட்டியிருந்தது. அவள் கை அதை எடுத்து எழுதியது: 'பதின்மூன்று மணி பத்து நிமிடம். ஒன்றாம் கலத்துக்கு நீராவி நிறுத்தம். பொதுக் குழாய் வழியாக வரும் ஈரம் இல்லாமல் இரண்டாம் கலம் நிற்கிறதா என்று பார்க்க.' கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான், என்ன எழுதினோம் என்று படித்தாள்.

திருடப் போனவன் வாசலில் தன் பெயரை எழுதிவைத்துவிட்டு வந்த மாதிரி ஆயிற்று. பக்கத்தைக் கிழிக்க முடியாது, எண் இருக்கிறது. அடித்தால் அடித்தது தெரியும். சரி, கோடு விழட்டும், விழுந்தபிறகு எழுத்தைப் பற்றி யார் கவலைப்படுவார்கள் என்று திரும்பிப் போனாள்.

"எங்கடி போயிட்டே?" என்றாள் ஆயுனா. "நான் உனக்கு ஒண்ணு சொல்லணும்னு..."

"தலைவலி," என்றாள் ரிம்மா. ஆறிப்போன பூஸியைக் கடித்தாள். ஆறினபிறகும் நன்றாக இருந்தது. அதற்கும் எரிந்தது.

மூன்று மணிக்கு உலை அறைக்குப் போனாள். அவளுடைய கோடு விழுந்திருந்தது. நேராக வந்துகொண்டிருந்தது சரிந்து, பத்தில் ஒன்றாகி, இன்னும் சரிந்துகொண்டிருந்தது. எண்ணூற்று முப்பத்தெட்டாவது மணியில் தொடங்கிய சரிவு. பக்கத்துக் கோடு நேராக இருந்தது. இன்னும் நேரம் ஆகவில்லை, குழாயில் மிச்ச ஈரம் இருக்கும் என்று காத்திருந்தாள். நான்கு மணிக்கு அதே நேர்க்கோடு. ஐந்தரைக்கும் அதே. ஜன்னலுக்குக் கீழே ரப்பர் குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தாள். சொட்டுகள் எல்லாம் காய்ந்து போயிருந்தன. ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஆயுனாவின் வில்லை உண்மையிலேயே வறட்சியில் நின்றுகொண்டிருந்தது.

ரிம்மா ஓடிப்போய்த் தன் குடுவையின் அடைப்பானைத் திறந்தாள். குமிழி வந்தது. கோடு எழுந்திருக்கவில்லை. உலையின் சிறிய கண்ணாடி வழியாகப் பார்த்தபோது வில்லை நடுவில் பிளந்து, ஓரமெல்லாம் வெள்ளையாக உதிர்ந்திருந்தது. அவள் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். வில்லைக்காகத்தான் அழுதாள், ஆயுனாவுக்கு இழைத்த துரோகத்துக்காக இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வியாழக்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். ஏட்டைப் படித்திருப்பார்கள், இன்று தோலை உரிக்கப்போகிறார்கள், உரித்தால் உரிக்கட்டும் என்றிருந்தாள்.

கெர்மான் சவேலியெவிச் எழுந்தார். கையில் அந்த ஏடு.

"ஆயுனாவோட வில்லையைப் பத்தி நாம அனுப்பின கட்டுரையை மதிப்பிட்ட வெளியாள் ஒருத்தர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். 'ரெண்டு உலைக்கும் வெளிக்குழாய் ஒண்ணுதானே, பக்கத்து ஈரம் உங்க வில்லைக்குள்ள போகலேன்னு என்ன நிச்சயம்?' எங்கிட்ட பதில் இல்ல. பதில் சொல்லணும்னா ஒரே வழி, பக்கத்து வில்லையைக் கொல்லணும். எண்ணூறு மணி ஓடின வில்லையை! அதை யார்கிட்ட போய்க் கேக்கிறது? நான் கேக்கல. எனக்கு வாய் வரல." அவர் ஏட்டை உயர்த்திப் பிடித்தார். "யாரும் கேக்காமலே ஒருத்தர் செஞ்சிருக்கார். நேரம் போட்டு, காரணம் போட்டு, கையெழுத்துப் போட்டு. இதுல இருக்கிற மனசு இந்தக் கட்டடத்துல வேற யாருக்கும் கிடையாது. ரிம்மா அர்க்காத்யெவ்னா, எழுந்திருங்க!"

கைதட்டல் தொடங்கியது. எந்தக் கைதட்டல் ஆயுனாவுக்குக் கிடைக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டாளோ அதே கைதட்டல். ரிம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்தாள்.

"நான் அதுக்காகச் செய்யல," என்றாள். "பொறாமைல செஞ்சேன். அவ வில்லை சாகணும்னுதான் மூடினேன்."

அறை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. "பாத்தீங்களா, பாராட்டினா இவங்களுக்கு ஆகாது!" என்று கெர்மான் சவேலியெவிச் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். யாரோ முதுகில் தட்டினார்கள். முன்வரிசையில் ஆயுனா மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் துணி மாட்டும் அறையில் இருவரும் தனியாக நின்றார்கள். அடுக்குக் கலத்துக்கு ஆயுனாவின் வில்லை என்று முடிவாகியிருந்தது.

"நீ சொன்னது நிஜம்தானே?" என்றாள் ஆயுனா.

"நிஜம்தான்."

"தெரியும். அந்த எழுத்தைப் பாத்தேன். மூணு பக்கத்துக்கு அழுந்தியிருக்கு." ஆயுனா தன் சால்வையைத் தேடிக்கொண்டே பேசினாள். "குழாயில சொட்டு நிக்கிறது எனக்குப் பத்து நாளா தெரியும்டி."

ரிம்மா நிமிர்ந்தாள். "தெரியுமா? அப்புறம் ஏன் சும்மா இருந்தே?"

"உன் ஆயிரம் முடியட்டும்னுதான். குழாயைப் பிரிச்சா இடையில உன்னோடதையும் நிறுத்தவேண்டி வரும். உன் ஆயிரம் வர்ற புதன்கிழமை முடியுது, அன்னிக்கே பிரிச்சுப் பாத்துக்கலாம், என்னோடது செத்தா சாகட்டும்னு நெனச்சேன். கூட்டத்தை ஒரு வாரம் தள்ளி வைங்கன்னு கெழவர்கிட்ட மூணு நாளா கெஞ்சினேன். பூஸி தின்ன சந்தோஷத்துல சரின்னுட்டார், உன்னோடது செத்ததும்தான் பழையபடி இன்னிக்கே வச்சார். உனக்குச் சொல்லலாம்னு திரும்பிப் பாத்தா, உன் நாற்காலி காலியா இருந்துச்சு."

ரிம்மா பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பூட்ஸைப் போட்டுக்கொள்ளக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. இன்னும் ஆறு நாள், பதினெட்டு மணி நேரம். அவ்வளவுதான் இருந்தது. இதையெல்லாம் கேட்டும் அடிவயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் கொஞ்சமும் குறையவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பொறுமையிலும் இவளேதான் ஜெயிக்க வேண்டுமா?

"திட்டேன்டி," என்றாள் ரிம்மா. "ரெண்டு வார்த்தை நல்லா திட்டு. இப்படி நிக்காதே."

ஆயுனா சால்வையைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். கையுறைகளை ஒவ்வொன்றாக மாட்டினாள்.

"திட்டினா உனக்கு லேசாயிடும்," என்றாள். "அதனாலதான் திட்டல."

கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே போனாள்.